அப்பாவுக்கு நான் மேடமாக இருந்த ஆறு வாரம்

கல்லூரியில் இன்டர்ன்ஷிப் பொறுப்பாளர் சார் அந்த அறிவிப்பை வாசித்தபோது வகுப்பில் யாரும் அசரவில்லை. நானும் அசரவில்லை. ஏதாவது ஒரு கம்பெனியில் ஆறு வாரம் போய் உட்கார வேண்டும், ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும், வைவாவில் நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், இரண்டு கிரெடிட். அவ்வளவுதானே என்று நினைத்தேன். பி.பி.ஏ. கடைசி செமஸ்டர். கேம்பஸ் தேர்வில் ஒரு கம்பெனி என்னை எடுத்திருந்தது. ஜூலையில் மார்க் ஷீட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு கிரெடிட் ஏறவில்லை என்றால் மார்க் ஷீட் வராது, மார்க் ஷீட் வரவில்லை என்றால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். லட்சியம், கனவு என்றெல்லாம் யாரும் எனக்கு ஒட்டவைக்க வேண்டாம்.

அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி இருந்தது. சேரும் நிறுவனத்தில் என் உறவினர் எவரும் பணிபுரியவில்லை என்று மாணவரும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இதற்குக் காரணம் எங்களுக்கு முந்தைய செட். பாதிப் பேர் மாமா கடை, சித்தப்பா கடை என்று லெட்டர் வாங்கி வந்து, ஒரு நாள்கூடப் போகாமல் கிரெடிட் வாங்கிவிட்டார்கள். ஒருவன் சிக்கன் கடை லெட்டர்ஹெட்டில் 'மனிதவளத் துறைப் பயிற்சி' என்று கொண்டுவந்தானாம், வட்ட சீலில் கோழிப் படத்தோடு.

சார் பெங்களூர் மல்லேஸ்வரம் தமிழர். எங்களைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழிலேயே பேசுவார். "ரிலேடிவ் யாராவது உள்ள இருக்கான்னு தெரிஞ்சுது, நேரா கேன்சல்தான். அப்புறம் என் ரூம் வாசல்ல நின்னு அழக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அவர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அங்கேயே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு மாதம் தேடினேன். எத்தனை மெயில் அனுப்பினேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். பதில் வந்தது இரண்டு. இரண்டும் மெஷின் அனுப்பியவை. சரி, நேரில் போகலாம் என்று ஓசூர் ரோடு முழுக்க பஸ்ஸில் ஏறி இறங்கினேன். எங்கேயும் கேட் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியைத் தாண்ட முடியவில்லை. "யார பாக்கணும்?" என்பார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் நான் ஏன் ஐயா இந்த வெயிலில் ஃபைலைத் தலையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? வகுப்பில் அப்பா மேனேஜராக இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். உன் அப்பா கம்பெனியில் நான், என் அப்பா கம்பெனியில் நீ. உறவினர் இல்லையே, கையெழுத்து சுத்தம். எனக்கு மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? என் அப்பா பொம்மனஹள்ளியில் ஒரு ஆபீஸில் காபி கொடுப்பவர்.

எங்கள் வீடு ஆஸ்டின் டவுனில். அம்மா பக்கத்து நர்சரி ஸ்கூலில் ஆயா. வியாழக்கிழமை தவறாமல் சர்ச்சில் நவநாள் ஜெபத்துக்குப் போவாள். அந்த மாதம் வாரா வாரம் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள். தமிழ் படிக்க நான் கற்றுக்கொண்டதே அவளுடைய ஜெபப் புத்தகத்தில்தான். அப்பா படித்தது கார்ப்பரேஷன் கன்னட மீடியம், ஏழாவது வரை. பேசுவது எங்களோடு தமிழ், மற்ற எல்லாம் கன்னடம். கோயில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைப்பார், அம்மா முழங்கையால் இடிப்பாள்.

லெட்டர் கொடுக்கக் கடைசி வாரம் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் நான் சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா கேட்டார்: "நம்ம ஆபீஸ்ல எச்சாரு மேடத்த கேக்கட்டா?"

"அங்க நீ இருக்கிறியேப்பா. ரிலேடிவ் இருக்கக் கூடாது."

"நான் உன் அப்பன்னு அங்க யாருக்குத் தெரியும்?"

"தெரியாதா?"

"என் பேரே தெரியாதும்மா அவங்களுக்கு. பதினோரு வருஷமா அண்ணா, அண்ணா, அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் ஒரே ஒரு எழுத்தாக நிற்கிறது. அந்த எழுத்தை விரித்துப் பார்க்க யாருக்கு என்ன அவசரம்? அம்மாதான் பொய் சொல்லக் கூடாது என்றாள். "பொய் எங்க சொல்றேன்? சொல்லாம வுடறேன்" என்றார் அப்பா.

மறுநாள் அவர் அந்த ஹெச்.ஆர். மேடத்திடம் சொன்னது சொல்லாமல் விடுவது அல்ல, சுத்தமான பொய். 'நம்ம ஏரியா ஹுடுகி, மேடம். நல்ல ஹுடுகி' என்று கன்னடத்தில் சொல்லி என் பயோடேட்டாவைக் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஏரியாப் பெண். பெற்ற மகளை ஏரியாப் பெண் ஆக்கிவிட்டு வந்து, அதைப் பெரிய சாதனையாக வீட்டில் நடித்துக் காட்டினார். மேடம் நல்லவர், பாவம். அண்ணா கேட்டு இல்லை என்பதா என்று மூன்றாம் நாள் லெட்டரே கொடுத்துவிட்டார். உறவினர் இல்லை என்ற தாளில் நான் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டேன், அப்பா கன்னடத்தில் போட்டார். சார் அதைப் பார்க்காமலே ஃபைலில் சொருகினார்.

முதல் நாள் எனக்கு ஜன்னல் பக்கம் ஒரு மேஜை கொடுத்தார்கள். பத்து மணிக்கு அப்பா ட்ரேயோடு வந்தார். நீல யூனிஃபார்ம், கழுத்தில் கான்ட்ராக்டர் கொடுத்த அட்டை. வீட்டில் லுங்கியில் பார்க்கிற ஆள்தான், ஆனால் அங்கே வேறு மாதிரி நின்றார், முதுகு கொஞ்சம் வளைந்து.

"மேடம், காபியா டீயா?"

பக்கத்து மேஜைக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். "காபி, அண்ணா" என்றேன். அப்பாவை அண்ணா என்று கூப்பிட்டேன். எனக்குச் சர்க்கரை எவ்வளவு, டிகாஷன் எவ்வளவு என்று கேட்காமலே கலந்து வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். நான் அந்தக் காபியைக் குடிக்கவே இல்லை. அரை மணி கழித்து டம்ளரை எடுக்க வந்தவர் ஆறிப்போன காபியைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஒரே பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் பத்தடி தள்ளி நிற்போம். ஆபீஸ் ஆட்கள் யாராவது இருப்பார்கள். மடிவாளா தாண்டி அவர்களெல்லாம் இறங்கிய பிறகுதான் அப்பா முன்பக்கம் நகர்ந்து வருவார். "இன்னா மேடம், காபி சூடு பத்தலியா?" என்று கிண்டல் பண்ணுவார். எனக்கு அழுகையும் கோபமுமாக வரும். "சும்மா இருப்பா" என்பேன். அடுகோடி வருவதற்குள் சிரித்துவிடுவேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் இரண்டு வாரம் எனக்குக் கொஞ்சம் ஜாலியாகக்கூட இருந்தது. திருட்டுத்தனத்தில் ஒரு ருசி இருந்தது, இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா வேலை செய்கிற விதத்தை நான் முதல்முறையாகப் பார்த்ததும் அங்கேதான். காபி கொடுப்பது அதில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு மேஜையிலும் நிற்பார். ஒருவருக்குத் தலைவலி மாத்திரை வாங்கி வருவார். ஒருவருக்கு டிபன் பாக்ஸ் சூடு பண்ணுவார். கர்ப்பமாயிருந்த ஒரு பெண்ணுக்கு நாற்காலிக்குப் பின்னால் வைக்கத் தலையணை எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தார், அதைக் காலையில் எடுத்து வைப்பதும் சாயங்காலம் பத்திரப்படுத்துவதும் அவர்தான். கூரியர் வந்தால் கீழே ஓடுவார். கன்னடம், தமிழ், தெலுங்கு, உடைந்த இந்தி, யாரிடம் எது எடுபடுமோ அது. காலை ரவுண்டு ஒன்று முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதை யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில், வெள்ளிக்கிழமை, மேடம் என்னைக் கூப்பிட்டார். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். "உனக்கு ரிப்போர்ட்டுக்கு ஒரு டாபிக் வேணுமே, நம்பர்ஸ் இருக்கற மாதிரி. அட்மின்ல இந்த பான்ட்ரி விஷயம் ரொம்ப நாளா கேக்கறாங்க. ஒரு டைம் ஸ்டடி பண்ணு. காபி போட எவ்ளோ நேரம், கொடுக்க எவ்ளோ நேரம், சும்மா எவ்ளோ நேரம். ஒரு வாரம். தினமும் சாயங்காலம் ஷீட்ல நான் சைன் பண்றேன்."

சும்மா எவ்வளவு நேரம் என்ற அந்தக் கடைசி வார்த்தை என் காதில் விழத்தான் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. டாபிக் கிடைத்துவிட்டது, மேடமே கொடுத்த டாபிக், கிரெடிட் கையில் வந்த மாதிரி என்று சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று வருஷம் மேனேஜ்மென்ட் படித்தவள் நான். நல்ல படிப்பு!

அன்றைக்குப் பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து நான் உன்னை டைம் பிடிக்கப் போகிறேன், கையில் ஷீட்டோடு உன் பின்னாலேயே வருவேன் என்றேன். அவருக்கு ஒரே சிரிப்பு.

"என்னையா? நீயா? டைம் புடிக்கப் போறியா?"

"ஆமாம்பா. அதான் என் ப்ராஜெக்ட்."

"அப்ப பாரு அடுத்த வாரம். உன் மார்க்கு எங்க போவுதுன்னு பாரு. எப்படி ஓடறேன்னு பாரு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திங்கட்கிழமை காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.

நிஜமாகவே ஓடினார். ஒன்றரை மணி நேர ரவுண்டை இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்தார். பாலையும் டிகாஷனையும் முன்கூட்டியே வந்து தயாராக வைத்திருந்தார். எந்த மேஜையிலும் நிற்கவில்லை. யாராவது மாத்திரை கேட்டால் "அப்புறம் சார்", கூரியர் என்றால் "ஒரு நிமிஷம் மேடம்". என் ஸ்டாப்வாட்ச் நிற்கிற நேரத்தில் அந்த வேலைகளைச் செய்வதற்காக எல்லாவற்றையும் தள்ளிப் போட்டார். சாப்பாட்டு நேரத்தில், நான் மேஜையை விட்டு எழுந்து போன பிறகு, அவசர அவசரமாக எல்லோருக்கும் செய்து கொடுத்தார். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் குறுக்கே பேசவில்லை. ஒவ்வொரு ரவுண்டும் முடிந்து நான் ஷீட்டில் நிமிஷத்தை எழுதும்போது, ட்ரேயைப் பிடித்துக்கொண்டு என் பேனாவையே பார்ப்பார். போன தடவையைவிடக் குறைந்திருந்தால் முகம் மலரும். ஒரு நாள் பாத்ரூமுக்குப் போய் அவருக்கு வாட்ஸ்ஆப்பில் 'சூப்பர்ப்பா, ரெக்கார்டு' என்று கன்னட எழுத்தில் அனுப்பினேன். அனுப்பிய இந்தக் கையை உடைத்துப் போட வேண்டும்.

ஐந்து நாள். ஐந்து ஷீட். ஐந்திலும் மேடத்தின் கையெழுத்து.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எக்ஸெலில் ஏற்றினேன். அப்பாவின் டியூட்டி ஒன்பது மணி நேரம். கூட்டிப் பார்த்தேன். வேலை செய்த நேரம் மூன்று மணி நேரம்கூட வரவில்லை. மிச்சமெல்லாம் மேடம் கொடுத்த கட்டத்தில், 'சும்மா' என்ற தலைப்பின் கீழே போய் விழுந்தது. முதலில் கூட்டலில் தப்பு என்று நினைத்தேன். திரும்பக் கூட்டினேன். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அவர் எவ்வளவு வேகமாக ஓடினாரோ அவ்வளவு நேரம் சும்மா இருந்ததாகக் கணக்கு. தலையணையும் மாத்திரையும் கூரியரும் எந்தக் கட்டத்திலும் இல்லை.

அப்பா கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு எக்ஸெல் புரியாது, ஆனால் சிவப்புக் கட்டம் புரிந்தது.

"இது இன்னா இவ்ளோ பெருசா?"

"நீ சும்மா இருந்த நேரம்பா."

"நான் எங்கம்மா சும்மா இருந்தேன்?"

நான் விளக்கினேன். ரொம்ப நேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேகமா போனா நல்ல பேருன்னு நெனச்சேன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எல்லாம் என் தப்பு என்று கத்தினேன். திங்கட்கிழமை போய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நீ என் அப்பா என்றும் சொல்கிறேன், இன்னொரு வாரம் ஒழுங்காக எடுக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்றேன்.

"சொல்லி? உன் லெட்டரு கேன்சலு. ஏரியா பொண்ணுன்னு பொய் சொன்னவன்னு என்னையும் அன்னிக்கே அனுப்புவாங்க. ரெண்டு பேருக்கும் போவும். ஒருத்தருக்காவது நிக்கட்டும்."

"அப்படின்னா உன் வேலை?"

"அட, வுடும்மா. இந்த ரிப்போர்ட்ட எல்லாம் எவன் படிக்கப் போறான்? பைல்ல போய்த் தூங்கும். நீ எழுது."

அம்மா அடுப்படியிலிருந்து தட்டுகளை எடுத்து வந்தாள். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற அந்த ஒரு நம்பிக்கையில்தான் நாங்கள் மூன்று பேரும் அன்றைக்குச் சாப்பிட்டோம்.

ரிப்போர்ட் எழுதினேன். என்னால் ஆன மட்டும் ஒரு பக்கம் கூடுதலாக எழுதினேன். பான்ட்ரி ஊழியர் செய்யும் வேறு வேலைகள் என்று ஒன்பது வேலைகளைப் பட்டியல் போட்டேன். மேடம் அந்தப் பக்கத்தைப் பேனாவால் குறுக்கே அடித்தார். "ஷீட்ல இல்லாதது ரிப்போர்ட்ல எப்படி வரும்? டேட்டா இருந்தா மட்டும் எழுது" என்றார். சரியாகத்தான் சொன்னார், டேட்டாவை எடுத்தவளே நான்தானே. பரிந்துரை என்ற தலைப்புக்குக் கீழே என்ன வர வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். ஒரு காபி மெஷின். அதை நிரப்ப ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கும் ஒருவர். இப்போதிருக்கும் ஊழியர்?

"அவருக்கு வேற வேலை கொடுக்கலாம்னு ஒரு வரி போடட்டுமா மேடம்?" என்று கேட்டேன்.

"போட்டுக்கோ. அது கான்ட்ராக்டர் பாத்துப்பாங்க."

மேடம் அதைப் படித்தார். அட்மின் படித்தார்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்று நாங்கள் நம்பிய ரிப்போர்ட்டை அந்த ஆபீஸில் எல்லோரும் படித்தார்கள் போலிருக்கிறது. ஐந்தாவது வாரக் கடைசியில் மெஷின் வந்தது. கீழேயிருந்து அதைத் தூக்கி வந்த மூன்று பேரில் அப்பாவும் ஒருவர். மெஷின்காரர் எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தார், அப்பா கற்றுக்கொண்டு, ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் காபியைப் பிடித்து என் மேஜைக்குக் கொண்டுவந்தார். "மேடம், மெஷின் காபி. எப்படி இருக்குன்னு பாருங்க." குடித்தேன். சுடுதண்ணீரில் கரித்துணியைப் பிழிந்த மாதிரி இருந்தது. நல்லா இருக்கு அண்ணா என்றேன்.

என் கடைசி நாளும் அவர் கடைசி நாளும் ஒன்றாக வந்தது. ஆபீஸில் யார் போனாலும் கேக் வெட்டுவது வழக்கம். இன்டர்ன் என்றாலும் வெட்டுவார்கள். கான்ட்ராக்டர் ஆட்களுக்கு அது கிடையாது, அவர்கள் ஒரு நாள் வருவார்கள், ஒரு நாள் வர மாட்டார்கள், அவ்வளவுதான். கேக்கை வாங்கி வந்தது அப்பா. கத்தி, தட்டு, டிஷ்யூ எடுத்து வைத்ததும் அப்பா. நான் வெட்டினேன், எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் எனக்குச் சர்டிபிகேட் கொடுத்துவிட்டு நாலு வார்த்தை புகழ்ந்தார், வந்த இன்டர்ன்களிலேயே உருப்படியாக ஒன்றைச் செய்தவள் இவள்தான் என்றார். முதல் துண்டு மேடம் வாயில் ஊட்டினேன். யாரோ பின்னாலிருந்து, "அண்ணாவுக்கும் கொடும்மா, அவர்தானே உன்ன கூட்டிட்டு வந்தாரு" என்றார்கள்.

ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். ஆறு வாரத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் அவரைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். "தேங்க்ஸ் மேடம்" என்றார்.

அன்றைக்கு மடிவாளா தாண்டியும் அவர் முன்பக்கம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நான் என்னை நம்பவைத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கும், மகளின் ரிப்போர்ட்டைப் பார்வையிட்டேன் என்று. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாக, கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார். வேறு பேனா தேடாதே, இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது என்றார். அது அந்த ஆபீஸ் பேனா.

வைவாவுக்கு வெளியிலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்திருந்தார். வயசானவர், தூக்கக் கலக்கத்தில் ஒவ்வொரு ரிப்போர்ட்டாகத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னுடையதைப் புரட்டும்போது கொஞ்சம் நிமிர்ந்தார். "பரவாயில்லையே, ஒரிஜினல் டேட்டா. ஷீட்டெல்லாம் சைன் ஆகியிருக்கு. இந்த ரெகமெண்டேஷன் இம்ப்ளிமென்ட் பண்ணாங்களா?"

"பண்ணிட்டாங்க, சார்."

"வெரி குட். பாருங்க, இதுதான் இன்டர்ன்ஷிப்" என்று பக்கத்தில் இருந்த எங்கள் சாரிடம் காட்டினார். சார் பெருமையாகத் தலையாட்டினார். எனக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

வெளியே வந்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சார் பின்னாலேயே வந்து வாழ்த்துச் சொன்னார், பார்ட்டி எப்போது என்று கேட்டார். நான் வெடித்துவிட்டேன். "சார், அந்த பான்ட்ரி ஊழியர் என் அப்பா. நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். கேன்சல் பண்ணுங்க. இப்பவே பண்ணுங்க" என்று காரிடாரில் நின்று கத்தினேன். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேன்சல் ஆகட்டும், அப்பாவுக்குப் போனதுபோல எனக்கும் போகட்டும், சமமாகட்டும் என்றுதான் எனக்கு அந்த நேரத்தில் இருந்தது.

சார் பயந்துபோய் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார். தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்: "அப்பா கம்பெனி ரோல்லயா, கான்ட்ராக்டா?"

"கான்ட்ராக்ட்."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அட, இதுக்கா இந்த அழுகை? கான்ட்ராக்ட் ஸ்டாஃப்னா அந்த நிறுவனத்துல பணிபுரியறவர்னே அர்த்தம் இல்லம்மா. அவர் அந்த கம்பெனில யாருமே இல்ல. நீ போட்ட கையெழுத்து கரெக்ட்தான். முன்னாடியே என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, தாராளமா அப்பான்னே சொல்லிச் சேர்ந்திருக்கலாம். ஒண்ணும் ஆகாது. கிரெடிட் ஏறிடும். கண்ணத் தொடச்சுக்கோ."

ஆறுதல் என்றே நினைத்துச் சொன்னார் அந்த மனிதர். அப்பா என்றே சொல்லிச் சேர்ந்திருக்கலாம். அப்பா என்று தெரிந்திருந்தால் அந்த நல்ல மேடம் என் கையில் அந்த ஷீட்டைக் கொடுத்திருக்கவே மாட்டார். அறிவிப்பை வாசித்த அன்றைக்கு நான் கை தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. என் அப்பாவை ஆள் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூலையில் மார்க் ஷீட் வந்தது, வேலையில் சேர்ந்தேன். நான் வேலை செய்யும் ஆபீஸிலும் ஒரு காபி மெஷின் இருக்கிறது, அந்தப் பக்கமே போவதில்லை. யாராவது லீவு போட்டால் கான்ட்ராக்டர் அப்பாவைக் கூப்பிடுகிறார். வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் அதுவும் இல்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி லிஃப்ட், ஒரு நாள் அப்பார்ட்மென்ட் படிக்கட்டு. போகாத நாளிலும் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார். நிறைய பேசிக்கொண்டிருந்த மனிதர், இப்போது நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். அவருக்கு வேறு இடம் பார்க்கிறேன் என்று நான் சொல்வதும், பாரும்மா என்று அவர் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. இரண்டு பேருக்குமே அதில் நம்பிக்கை இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலை என்னாச்சு என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் பழைய ஆளாக மாறுவார். "பொண்ணு டிகிரிக்காக வுட்டேன் சார். ஆறு வாரம் பெத்த பொண்ண மேடம் மேடம்னு கூப்ட்டேன். ஒருத்தனுக்குத் தெரியல. கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலியே. தொறந்திருந்தா இவளுக்கு டிகிரி ஏது?" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிரும். நான் உள்ளே போய்விடுவேன்.

சார் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. எவ்வளவு நாள் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருப்பது? எங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதுகிறவள், நண்பர்களுக்குக் கன்னடத்தில் மெசேஜ் அனுப்புகிறவள், இதை மட்டும் ஜெபப் புத்தகத்தில் கற்ற எழுத்தில், நிறுத்தி நிறுத்தி, தமிழில் எழுதியிருக்கிறேன். அப்பாவுக்குத் தமிழ் படிக்க வராது.